இருநூற்றுப்பதினொன்றின் மேல் சாரதாமணி படையெடுத்தது

ஊசிமுனை ஓட்டையும் ஒளிய இடம் காணாது ஓடிவந்து சரணடையும் கூர்விழியாள். வெள்ளைப் பனியனில் விழுந்த எண்ணெய்த் துளியை மின்சாரம் போன வேளையிலும் விரல் வைத்துக் காட்டும் வித்தகி. கோணிப்போன தையலைக் கண்டால் தைத்தவர் தன் கொழுந்தனாரே ஆனாலும் பிரித்துப் போடும் பெருநெஞ்சினாள். அருள்புரத்துப் பனியன் கம்பெனிகளின் நடுவே, தகரக்கூரை வேய்ந்த அரண்மனையில், செக்கிங் பகுதி என்னும் சிங்காதனத்தில் வீற்றிருக்கும் தலைவி, லிங்கசாமியின் துணைவி சாரதாமணி வாழ்க. இப்படிப்பட்ட கதையைத் தொடங்குமுன் ஆனைமுகனை வணங்குவதுதான் முறை. ஆனால் வரிசையில் யார் முதலில் நிற்பது என்பதை அந்தக் கம்பெனியில் அவள்தான் முடிவு செய்வாள். ஆகையால் அவளை வணங்கிவிட்டே ஆனைமுகனிடம் போகிறோம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காலமோ கத்திரி காய்ந்த காலம். நொய்யலில் நீரும் கரையில் நிழலும் ஒருங்கே வற்றி, தெருநாய்கள் லாரிக்கடியில் குடியேறி, கூரைத் தகரம் தோசைக்கல்லாய்க் காய, அதன் கீழே தையல் மெஷின்கள் தடதடக்க, டெய்லர்களும் செக்கிங் பெண்களும் வெந்துகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அந்தியில் கண்டெய்னர் ஏற வேண்டும். கடல்கடந்த தேசத்துக் குழந்தைகளுக்கான பூப்போட்ட பனியன்கள் மலைமலையாய்க் குவிந்து கிடந்தன. கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும். விமானத்தில் அனுப்பினால் கம்பெனியை விற்றுவிட்டு மூலனூருக்குப் போய் முருங்கைக்காய் ஏலம் கூவ வேண்டும். இதை லிங்கசாமி காலையில் ஒருமுறையும் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறையும் வாய்விட்டுச் சொல்லிவந்தார்.

அவ்வெம்மையைத் தணிக்க, வெயில்காலம் பிறந்ததிலிருந்து, மாலை நாலு மணிக்கு எதிர்ச்சாரி மணியன் கடையிலிருந்து ஆளுக்கொரு கலர் வந்துகொண்டிருந்தது. கலரென்பது ஆரஞ்சு மரத்தைக் கனவிலும் கண்டிராத ஆரஞ்சுச் சாறு; மூடி திறந்தால் சீறுவது, நாவில் பட்டால் இனிப்பது, பிறகு அரைமணி நேரம் ஏப்பமாய் எழுந்து தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வது. அதைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுப்பதில் சாரதாமணிக்கு ஒரு தாய்மைப் பெருமிதம்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் விதி விளையாடிற்று. துணியின் இழை எண்ணும் சின்ன லென்ஸை ஒரு பனியன்மேல் வைத்துக் குனிந்திருந்த சாரதாமணி, தாகமெடுத்துத் தன் பங்குக் கலரைக் கையில் எடுத்தாள். ஆண்டாண்டாக லேபிள் பார்த்த கண் அல்லவா. லேபிளென்று ஒன்று எதிரே இருந்தால் அதைப் படித்தே தீரும். கைப்பழக்கத்தில் லென்ஸ் பாட்டிலின்மேல் போய் உட்கார்ந்தது. தொலைவில் போகும் எறும்புச் சாரையாய்க் கிடந்த எழுத்துகள் கண்ணெதிரே யானைப்படையாய் எழுந்து நின்றன. ‘அனுமதிக்கப்பட்ட இரண்டாம் வகுப்புப் பதப்படுத்தும் பொருள் (211) சேர்க்கப்பட்டது.’

தேவர்கள் ஐயம் தெளிய அசரீரியைக் கேட்டார்கள். சாரதாமணி கோவையில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் மகள் நித்யஸ்ரீக்கு போன் போட்டாள்.

“கண்ணு, இந்தக் கலர்ல இருநூத்திப் பதினொண்ணுன்னு போட்டிருக்குது. அது என்ன கண்ணு?”

“அது சோடியம் பென்சோவேட்மா. பூஞ்சை புடிச்சுக் கெட்டுப்போகாம இருக்கறதுக்குப் போடறது. அளவோட போட்டுக்கலாம்னு கவர்மென்டே சொல்லியிருக்குது.”

“அதனால ஒண்ணும் பண்ணாதா?”

“சிலருக்கு ஒத்துக்காதுங்கறாங்க. அப்பறம் அதே பாட்டில்ல வைட்டமின் சி-யும் இருந்து, பாட்டில் சூட்டுலயும் வெயில்லயும் கெடந்துச்சுன்னா, கொஞ்சூண்டு பென்சீன் உண்டாகலாமாம். பென்சீன் நெறைய நாள் ஒடம்புல சேர்றது நல்லதில்லம்மா. ஆனா இதுல வர்றது ரொம்பக் கம்மி, அதை விட இதுல இருக்கற சர்க்கரைதான்...”

அசரீரி இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தது. ஆயினும் போருக்குப் புறப்படுவோர் அசரீரியில் தமக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொள்வது வழக்கமாதலால், ‘ஆனா’ என்ற சொல்லிலேயே சாரதாமணியின் செவிக்கதவு சாத்திக்கொண்டது. மணியன் கடை வாசலில், உச்சி வெயிலில், மேலே ஒரு கந்தல் சாக்குகூட இல்லாமல் அடுக்கிக் கிடக்கும் கலர்ப் பெட்டிகள் அவள் அகக்கண்ணில் எழுந்தன. அதைத்தானே இத்தனை நாளும் இந்தக் கையால் எடுத்துக் கொடுத்தோம் என்று அவள் நெஞ்சில் ஒரு முள் ஏறிற்று. போருக்குச் செல்வோர் வஞ்சிப்பூச் சூடுவார்கள். அருள்புரத்தில் அது கிடைக்காததால் காலையில் வைத்த கனகாம்பரத்தையே போர்ப்பூவாகக் கொண்டு, சாரதாமணி செக்கிங் டேபிளின் தலைமாட்டில் நின்று முரசறைந்தாள்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. இன்னையோட கலர் நிறுத்தமுங்க. நாளையிலிருந்து மோருங்க. எங்க ஊட்டு எருமைத் தயிரு, நானே கடைஞ்சு கொண்டாறனுங்க. ஒடம்புக்கு நல்லது.”

மறுநாள் நாலு மணிக்கு மோர் வந்தது. இஞ்சி தட்டி, பச்சைமிளகாய் கீறி, கறிவேப்பிலை மிதக்க, வெண்ணிலவைக் கரைத்து ஊற்றினாற்போல் வந்தது. ஒரு கையும் நீளவில்லை.

இங்கே மறுதரப்பு வீராங்கனையையும் வாழ்த்திவிடுவதே நியாயம். உசிலம்பட்டிச் சீமையிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கியவள், நூல் வெட்டும் சின்னக் கத்திரியைத் தாலிக்கொடியோடு தாலிக்கொடியாகக் கழுத்தில் தொங்கவிட்டவள், அவள் சிரித்தால் செக்கிங் டேபிள் அதிரும், சிரிக்காவிட்டால் கம்பெனியே அதிரும், அவள் எழுந்தால் பாண்டி நாட்டுப் பெண்படை முழுவதும் எழும், அவளே ஒச்சம்மாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

“ஏக்கா, ஒண்ணு கேக்கவா?”

“கேளுங்க ஒச்சம்மா.”

“எங்கூர்ல களையெடுக்க வந்தவுகளுக்குத்தேன் மோரு. அதும் அவுக எட்டி நின்னு ஒசரத் தூக்கி ஊத்துவாக, நாங்க குனிஞ்சு கையேந்திக் குடிப்போம். வீடு தேடி வந்த ஆளுன்னாத்தேன் கடைக்கு ஓடிக் கலரு வாங்கியாந்து கையில குடுப்பாக. அந்தக் கையேந்தி மோரு வேணாம்னுதேன் நாங்க இம்புட்டுத் தூரம் பொழைக்க வந்ததே.”

சாரதாமணி இந்த அம்பை எதிர்பார்க்கவில்லை. விருந்தாளிக்கு எருமை மோர் கொடுப்பதைவிட மேலான மரியாதை அவள் பிறந்த வீட்டில் கிடையாது.

“அய்யோ, அப்படி நெனச்சுக் குடுக்கலீங்க ஒச்சம்மா. அந்தக் கலர்ல கெட்டது என்னமோ கலக்கறாங்களாமா. என்ற மகளே சொல்லீருச்சுங்க.”

“சரிக்கா. அப்ப ஆபீசுப் பிரிஜ்ஜுல, சரக்கு வாங்குற பையர் ஆளுக்குன்னு அடுக்கி வச்சிருக்கீகளே, அது என்னக் கலரு? அவுக வவுத்துக்கு மட்டும் ஒண்ணும் செய்யாதாக்கும்?”

டேபிளின் தென்கோடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒச்சம்மாள் பனியனை எடுத்து நூல் வெட்டத் தொடங்கிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்: “பக்கத்துக் கம்பெனியில ஆளு கேட்டுக்கிட்டேதேன் இருக்காக. அங்கிட்டு ஆளுக்கு ரெண்டு கலராம்.”

அந்தச் சொல் ஆபீஸ் அறைக்குள் இருந்த லிங்கசாமியின் செவியில் இடியென இறங்கியது. கண்டெய்னரும் கப்பலும் விமானமும் முருங்கைக்காயும் வரிசையாக அவர் கண்முன் போயின. அமைச்சருக்குரிய நயத்தோடு மனைவியைத் தனியே அழைத்தார்.

“ஏம்புள்ள, வெள்ளிக்கெழம வரைக்கும் அந்தக் கலரையே குடுத்துப்போட்டு, சிப்மென்ட் போனதுக்கப்பறம் மோரூத்தலாமில்ல?”

“ஏனுங்க, கெடுதல்னு தெரிஞ்சதுக்கப்பறம் எப்படீங்க கையில எடுத்துக் குடுக்கறது? ஓட்டைன்னு தெரிஞ்ச பீஸ நீங்க பெட்டியில போடுவீங்களா?”

லிங்கசாமி போட்டிருக்கிறார். ஆகையால் கால்குலேட்டரை எடுத்துக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்.

வியாழக்கிழமை போர் வாயிலுக்கு வந்தது. கம்பெனி கொடுக்காவிட்டால் என்ன, சொந்தக் காசில் குடிப்போம் என்று பெண்படை மணியன் கடையை நோக்கி நடைகட்ட, கோட்டை வாயிலில் காவல்தேவதைபோல் சாரதாமணி நின்றாள். பல்லடம் சாலையிலிருந்து சந்துக்குள் திரும்ப முயன்ற லாரிகூட அவள் நின்ற நிலையைக் கண்டு பின்வாங்கிற்று.

“ஒண்ணு சொல்லீட்டனுங்க. இருநூத்திப் பதினொண்ணு போட்ட லேபிள் ஒண்ணுகூட இந்தக் கேட்டைத் தாண்டி உள்ள வரக்கூடாதுங்க.”

ஒச்சம்மாள் தலையாட்டினாள். அவள் அவ்வளவு எளிதில் தலையாட்டியபோதே சாரதாமணி உஷாராகியிருக்க வேண்டும்.

சற்று நேரத்தில் படை திரும்பியது. ஒவ்வொரு கையிலும் ஒரு பாட்டில். ஒரு பாட்டிலிலும் லேபிள் இல்லை. உரித்த கோழிகளைப்போல், மொழுமொழுவென்று, அம்மணமாய், ஆரஞ்சு நிறத்தில் அவை கேட்டைக் கடந்தன. கழுத்துக் கத்திரிகளில் பிளாஸ்டிக் துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“லேபிள் எங்கீங்க ஒச்சம்மா?”

“வெட்டிப்புட்டோம்க்கா. லேபிளுதேன வரக்கூடாதுன்னீக?”

“லேபிளை வெட்டீட்டா உள்ள இருக்கறது மாறிப்போயிருமாங்க?”

“போன மாசம் பையர் வேணாம்னு தள்ளிவிட்ட பச்சப் பனியன எங்க கையிலதேன் குடுத்து, லேபிள வெட்டுங்கன்னீக. நாங்களும் வெட்டுனோம். அன்னைக்கு அந்தியில காதர்பேட்டைக்குப் போயி நல்ல பனியனா வித்துப்போச்சு. லேபிள வெட்டுனதும் அது சரியாப் போச்சுன்னா, இதும் சரியாத்தேன் போகும்.”

திருப்பூர் நாட்டின் எழுதாச் சட்டம் அது. வெளிநாட்டார் தள்ளிய சட்டையின் லேபிளைக் கத்தரித்துவிட்டால் அதன் பாவமெல்லாம் அந்தத் துணுக்கோடு கழன்று விழுந்து, சட்டை புதுப்பிறவி எடுத்து, சர்ப்ளஸ் என்ற திருநாமத்தோடு நடைபாதையில் காட்சிதரும். அதே சட்டத்தைத் தன் படைக்கலமாக்கி எறிந்துவிட்டாளே என்று சாரதாமணி திகைத்தாள். பச்சைப் பனியன் மாறவில்லை. அது அவளுக்கும் தெரியும்; துவைத்தால் சாயம் போகும் என்றுதான் பையர் தள்ளினார். விற்றபோது தோன்றாத கூச்சம் இப்போது காதுமடல்வரை ஏறிற்று. கூடவே, நேரம்கெட்ட நேரத்தில், சிரிப்பும் வந்தது. படைத்தலைவி களத்தில் சிரிக்கலாகாது என்பதால் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் சொன்னதுதான் சபதம்.

“செரிங்க ஒச்சம்மா. நாளைக்குப் பையர் ஆளு பீஸ் பாக்க வர்றாரு. அவருக்கும் இதே மோருதானுங்க. எனக்கும் இதேதான். ஒரே பாத்திரம், ஒரே மாதிரி டம்ளர். எட்டி நின்னு ஊத்தறதெல்லாம் இல்லீங்க, எல்லாரும் ஒண்ணா உக்காந்து குடிக்கலாம். அப்பக் குடிப்பீங்களா?”

ஒச்சம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அந்தாளு குடிச்சா நாங்களும் குடிக்கிறோம். இல்ல, அவருக்கு மட்டும் கலருன்னீகன்னா, அந்தியில பெட்டி கட்ட இங்க ஆளு இருக்காதுக்கா.”

அன்று மாலையே ஆபீஸ் பிரிட்ஜிலிருந்த கலர் முழுவதும் மணியன் கடைக்குத் திரும்பிப் போயிற்று. லிங்கசாமி அதைக் கண்ணால் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை. கோழி கூவுமுன் எழுந்து, மத்தை மந்தர மலையாகவும் தன்னைத் தேவராகவும் அசுரராகவும் பாவித்துத் தயிர்க்கடலைக் கடைந்தாள் சாரதாமணி. காலையிலேயே பெரிய எவர்சில்வர் பாத்திரம் நிறைய மோர் கம்பெனிக்கு வந்து, ஆபீஸ் மூலையில், ஈரத்துணி போர்த்தி, ஒரு பட்டத்து யானையின் மதிப்போடு நிறுத்தப்பட்டது. ஆனால் பையர் ஆளுக்கு மேஜை போட இடமில்லை. இடமில்லாததைக் கண்ட லிங்கசாமி பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டுபோய், அயர்ன் டேபிளுக்கு அடியில், காலியாக இருந்த இடத்தில் பத்திரமாக வைத்தார். அதன் தலைமேல் ஆறு மணிநேரம் நீராவிப் பெட்டிகள் புஸ்ஸென்று மூச்சுவிட்டன. அவர் செய்த உதவி அது. வேறு கெட்ட எண்ணம் அவருக்கில்லை.

பையர் ஆள் வந்தார். பெயர் ஜெபக்குமார், நாசரேத்துக்காரர், சிரிப்பைச் சொந்த ஊரிலேயே வைத்துவிட்டு வந்தவர். அவர் கையெழுத்து விழாமல் ஒரு பெட்டியும் நகராது. கட்டிய பெட்டியைப் பிரித்தார், பனியனை இழுத்தார், அளந்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். லிங்கசாமியின் இதயம் மெஷினோடு மெஷினாய்த் தைத்துக்கொண்டிருந்தது. நாலு மணி ஆனபோது ஜெபக்குமார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“வெக்க தாங்க முடியல மேடம். குடிக்க ஏதும் இருக்கா?”

செக்கிங் டேபிளில் அத்தனை கத்திரிகளும் நின்றன.

“மோர் இருக்குதுங்க. எங்க ஊட்டு மோரு.”

“மோரா? ரொம்ப நல்லதாப் போச்சு, குடுங்க.”

ஆகா, வாகைப்பூ கைக்கு எட்டிற்று. இதோ, பையர் ஆளே வாய்திறந்து கேட்டுவிட்டார். சாரதாமணி வெற்றிநடை நடந்தாள், பாத்திரம் வரவழைக்கப்பட்டது, ஒரே மாதிரி டம்ளர்கள் வரிசையில் நின்றன, ஒச்சம்மாளும் தன் படையோடு எழுந்து வந்தாள். ஈரத்துணி எந்நேரமோ காய்ந்து மொறமொறத்திருந்தது. மூடியைத் திறந்ததும் உள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. மேலே ஆடிய நுரை தானாகவே கண்சிமிட்டியது. எந்தப் பீஸையும் தான் பார்க்காமல் அடுத்த கைக்கு விடாத பழக்கத்தால், முதல் டம்ளரை மொண்டு சாரதாமணியே வாயில் வைத்தாள்.

அப்பொழுது அவள் திருமுகத்தில் நிகழ்ந்த போரை எப்படிச் சொல்வது? புளியந்தோப்பு முழுவதும் புளிச்சாறாகப் பெருகி நாவென்னும் நாட்டின்மேல் படையெடுக்க, பற்கள் கோட்டைக் கதவுகளாய்க் கிட்டிக்கொள்ள, இடக்கண் சரணடைந்து மூட, வலக்கண் தன்மானம் காத்துத் திறந்தே நிற்க, மூக்கு இரு பக்கமும் ஓடிப்போக வழிதேட, அத்தனை கலகத்தையும் அடக்கிக் கன்னங்களை அசையாமல் நிறுத்தினாள் அந்த மாதரசி. ‘கெட்டுப்போகாம இருக்கறதுக்குப் போடறது’ என்று மகள் சொன்னது காதில் மணியாய் அடித்தது. இருநூற்றுப்பதினொன்று எங்கோ மணியன் கடையில் உட்கார்ந்து சிரிப்பதுபோல் இருந்தது.

ஜெபக்குமார் கையை நீட்டினார். அவர் ஒரு மிடறு விழுங்கிவிட்டால் போதும். பெண்படை குடிக்கும், பெட்டி கட்டும், கண்டெய்னர் ஏறும். மரியாதைக்கு அவர் முகம் சுளிக்காமல் விழுங்கியும் விடுவார். லிங்கசாமி கண்ணாலேயே கெஞ்சினார். ஒச்சம்மாள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கென்று மொண்ட இரண்டாம் டம்ளர் பாதி தூரம் போயிற்று.

அங்கே நின்றது.

“குடிக்காதீங்க சார். கெட்டுப்போச்சுங்க.” டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “யாரும் எடுக்காதீங்க. மொத்தமும் ரிஜெக்டுங்க.”

ஒச்சம்மாள் முன்னால் வந்து, சாரதாமணி வாய்வைத்த அதே டம்ளரை அவள் மறுகையிலிருந்து வாங்கி, மிச்சமிருந்ததில் ஒரு வாய் குடித்தாள். அவள் முகத்துக்கு அடக்கமெல்லாம் தெரியாது. அது நாலாபக்கமும் சிதறிப்போயிற்று.

“ஆத்தே, மாட்டுக்கு வச்சாக்கூட மொகத்தத் திருப்பிக்கிருமே. இதக் குடிச்சுப்புட்டா சிலையாட்டம் நின்னீக?”

“நானென்னுங்க பண்ணறது ஒச்சம்மா.”

“பேசாம அந்தாளு கையில குடுத்திருந்தா நீங்க செயிச்சிருப்பீகளேக்கா.”

“கெட்டதக் குடுத்துச் செயிக்கறதுன்னா அந்தக் கலரையே குடுத்திருப்பனே. லேபிள வெட்டுன பனியன நெனச்சாலே எனக்கு இன்னிக்குப் பூரா ஒரு மாதிரி இருக்குது.”

ஒச்சம்மாள் டம்ளரை முந்தானையால் துடைத்து மேஜைமேல் வைத்தாள். பிறகு தன் படையைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னடி வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? பெட்டிய எடுத்துக் கட்டுங்கடி. அக்கா முகத்தப் பாத்தீகல்ல, ஒரு வாரத்துக்கு நம்ம பாடு சிரிப்புத்தேன்.”

சிரிப்பு கூரையை முட்டிற்று. சாரதாமணி அப்போதுதான் மிச்சமிருந்த முகத்தையும் சுளித்துக்கொண்டாள்.

“அப்ப எனக்குக் குடிக்க ஒண்ணும் கெடையாதா?” என்று ஜெபக்குமார் கேட்டார்.

இவ்வாறாக, கலர்க்கொடி கேட்டுக்கு வெளியே சாய, மோர்க்கொடி அயர்ன் டேபிளடியில் சாய, கொங்குநாடும் பாண்டிநாடும் ஒரு டம்ளரில் பொருது ஒரு டம்ளரில் சமாதானமாகி, மலைமலையாய்ப் பனியன்கள் பெட்டிகளுக்குள் துயில்கொள்ளப் புகுந்து, வானவர் பொழிந்த பூமழையென மின்விசிறிக் காற்றில் பஞ்சுத்தூசி எல்லோர் தலையிலும் சமமாய்ப் பொழிய, இருதரப்பு வீராங்கனையரும் நீராவிப் புகையினூடே தோளோடு தோள் உரசி நிற்க, நானிலமும் நாற்றிசையும் அடுத்து என்ன நிகழுமோவென்று அண்ணாந்து காத்திருந்த அந்தப் பொன்னான மாலைப் பொழுதில்,

எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார்கள்.